ஆயிரம் ரூபாயும் அப்பீலும்

சென்ற ஆண்டு, நாகபுரி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் நண்பருக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. சிவப்பு விளக்கு எரிகையில் ஸ்கூட்டரில் நாற்சந்தியைக் கடந்தார் என்பது குற்றச்சாட்டு. தாம் கடந்தபோது மஞ்சள் விளக்கே எரிந்தது என்று எங்களிடம் பலமுறை சாதித்தவர் அவர். ஆயினும் மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில், டியூட்டிக்குத் திரும்பும் அவசரத்தில், மராட்டியில் கேட்ட கேள்விக்குத் தலையசைத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். அபராதம் ஆயிரம் ரூபாய். வீடு திரும்பிய பின்னரே மனம் உறுத்திற்று. மேல் கோர்ட்டுக்குப் போகலாமென்று வக்கீலை நாடினார். வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டதென்றார் வக்கீல்.

அப்பீல் என்பது யாவருக்கும் இயல்பாகவே உள்ள உரிமை என நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அஃது அவ்வாறன்று, சட்டம் கொடுத்த இடத்தில் மட்டுமே உண்டு. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் விதிக்கும் அபராதம் 100 ரூபாய்க்கு மேற்படாவிடில் அப்பீல் இல்லை. சுருக்கமுறை விசாரணையாயின் அவ்வரம்பு 200 ரூபாய். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கண்ட இத்தொகைகள், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் அமலுக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 417ஆம் பிரிவிலும் அப்படியே நிற்கின்றன. ஐம்பது ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு என்னவாயிற்று என்பதைச் சட்டம் கவனித்ததாகத் தெரியவில்லை!

ஆனால் அபராதங்கள் உயர்ந்துவிட்டன. மோட்டார் வாகனச் சட்டத்தின் பொதுவான 177ஆம் பிரிவில் முதற் குற்றத்திற்கு 100 ரூபாயாக இருந்த உச்ச அபராதம், 2019 செப்டம்பர் 1 முதல் 500 ஆயிற்று. ஹெல்மெட் அணியாமைக்கு 1000. ஆகவே முன்பு சில்லறை வழக்கென்று மூடியிருந்த கதவு, அபராதம் ஏறியதாலேயே இன்று பெரும்பாலும் திறந்திருக்கிறது. தீர்ப்பான 30 நாட்களுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம்.

அக்கதவை நாமே மூடிவிடுவதுதான் சங்கடம். குற்றத்தை ஒப்புக்கொண்டதன்பேரில் மாஜிஸ்திரேட் தண்டித்தால், 416ஆம் பிரிவின்படி, தண்டனையின் அளவையும் சட்டப் பொருத்தத்தையும் பற்றி மட்டுமே அப்பீலில் பேசலாம். மஞ்சளா சிவப்பா என்று பேச இயலாது. சிவப்பு விளக்கை மீறுவது 2019க்குப் பின் 184ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டுதல் என்றே கொள்ளப்படுகிறது. அதற்குக் குறைந்தபட்ச அபராதமே ஆயிரம் ரூபாய். ஆக, அளவைக் குறைக்கும்படி கேட்கவும் நண்பருக்கு வழியில்லை. மூன்றாண்டுகளுக்குள் அதே குற்றம் மீண்டும் நேர்ந்தால் இரண்டாண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அப்பீல் இல்லாத சிறு அபராதங்களுக்கு ரிவிஷன் மனு என்றொரு வழியுண்டு. 90 நாட்கள் கெடு. ஆனால் அதில் சாட்சியங்களைப் புதிதாக எடைபோடும் வழக்கமில்லை. அப்பீல் உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விட்டவரது ரிவிஷன் மனுவும் ஏற்கப்படாது.

பாஷை புரியாத ஊரில் கோர்ட்டுக்குச் செல்லும் நம்மவர்கள், கேள்வி விளங்கவில்லையெனில் மாஜிஸ்திரேட்டிடமே விளங்கவில்லையென்று சொல்லலாம். ஒப்புக்கொள்பவரின் வார்த்தைகளை இயன்றவரை அவர் கூறியவாறே பதிவு செய்ய வேண்டுமென்பது சட்டம். தலையசைப்பில் வார்த்தை ஏது?

நண்பரின் மூன்றாண்டு இன்னும் முடியவில்லை. மஞ்சள் விளக்கைக் கண்டதும் ஸ்கூட்டரை நிறுத்திவிடுகிறார்; பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்துத் தீர்க்கிறார்கள்.