வந்தவர்களும் நம் வார்த்தைகளும்



"வடமாநிலத்தவருக்கு நம் தெருக்களில் வீடு கொடுக்கக் கூடாது என்று அறிவியுங்கள்" எனச் சிலர் எங்களிடம் கேட்டார்கள். அப்படி அறிவிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். காரணத்தைச் சொல்வது எங்கள் கடமை.

கேட்டவர்களின் குறைகள் பொய்யல்ல. தண்ணீர் போதவில்லை, குப்பை சேர்கிறது, வாடகை ஏறிவிட்டதால் சிறிய குடும்பங்களுக்கு வீடு கிடைப்பதில்லை. ஆனால் ஓர் அறையில் பத்துப் பேரைத் தங்கவைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குவது யார்? நம்மில் சிலர்தாம். பத்துப் பேருக்கு ஒரு கழிவறையைக் கொடுத்துவிட்டு, அசுத்தம் அவர்கள் பிறவிக்குணம் என்று பேசலாமா?

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்பதும் நியாயமே. அதை நிர்வாகங்களிடமும் அரசிடமும் கேட்போம். ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஒப்பந்தக்காரர் மூலம் வந்து, ஷிஃப்ட் முடிந்து களைத்து நடந்து போகும் இளைஞனிடம் கோபத்தைக் காட்டி என்ன பயன்?

வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2023 மார்ச்சில் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. அவை பொய்யாகப் பரப்பப்படுகின்றன என்று அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். ஒன்றில் இருந்தது பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல். இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. பீகார் அரசு ஒரு குழுவையே இங்கு அனுப்ப நேர்ந்தது. அதற்குள் எத்தனை தாய்மார்கள் ஊரில் உறங்காமல் இருந்திருப்பார்கள்!

அந்தக் கவலை நமக்குப் புதிதல்ல. வளைகுடாவில் மகன் இருக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை! 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. இறந்தவர்களில் பலர் இந்தியர்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். நம் பிள்ளைகளை அங்குள்ளவர்கள் எப்படி நடத்த வேண்டும் என்று துஆ செய்கிறோமோ, அப்படி நாம் இங்கே நடத்துகிறோமா?

செய்தி வந்தால் தீர விசாரிக்கவும், பட்டப்பெயர் சூட்டி அழைக்காதிருக்கவும் சூரா அல்ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. மனிதர்கள் பல கூட்டத்தாராகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்றும் அதே சூரா சொல்கிறது. வந்தவர்களில் சிலர் நம் ஸஃப்பில் நிற்பவர்கள். பலர் வேறு சமயத்தார். அண்டை வீட்டாரின் உரிமை இருவருக்கும் ஒன்றே.

எனவே எங்கள் வேண்டுகோள்:

• "வடக்கன்", "பான்பராக்" என்று அழைக்க வேண்டாம். பெயரைக் கேளுங்கள். பிள்ளைகள் நம்மைப் பார்த்தே பேசக் கற்கிறார்கள்.

• உறுதி செய்யாத காணொளியை முஹல்லா வாட்ஸ்அப் குழுவில் அனுப்பாதீர்கள்.

• வாடகைக்கு விடுபவர்கள் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பத் தண்ணீரும் கழிவறையும் கொடுங்கள்.

• 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் 2020 அக்டோபர் முதல் இங்கு நடைமுறையில் உள்ளது. சொந்த மாநில அட்டையைக் கொண்டே நம் ரேஷன் கடையில் தானியம் பெறலாம் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

• குற்றம் செய்தவர் மீது புகார் கொடுங்கள். அவருடைய மாநிலத்தின் மீது அல்ல.

தெருச் சச்சரவு எதுவானாலும் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவோம். நம் நாவைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.