கடைப்பந்தியில் அமர்ந்த நாயனார்

“அடுக்களையிலேயே பொழுது கழிந்துவிடுகிறது, சிவபூசைக்கு நேரம் ஏது?” என்று தாய்மார் பலர் நம்மிடம் குறைப்படுவதுண்டு. திருவேற்காட்டில் இக்கேள்வி எழலாமோ? இத்தலத்தில் அவதரித்த மூர்க்க நாயனார் செய்த தொண்டு, நம் இல்லந்தோறும் நடக்கும் சோறிடுதலே அன்றோ!

வேளாண் குலத்தவராகிய அவர் அடியார்களை அமுதுசெய்வித்த பின்னரே தாம் உண்பார். கைப்பொருள் தீர்ந்தது, நிலத்தையும் விற்றார். பிறகு, முன்பே கற்றிருந்த சூதாடிப் பொருள் ஈட்டலானார். உள்ளூரில் எதிர்நின்று ஆடுவோர் இல்லாது போகவே, குடந்தை வரை சென்றார். தோற்றும் மறுத்தவர் மீது உடைவாளை உருவியமையால் மூர்க்கர் எனப்பட்டார். (சூதாட விரும்புவோர் இவரைத் துணைக்கு அழைத்தல் தகாது.)

நம் அண்டையூராகிய குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் இங்கே நுட்பமான இரு செய்திகளைக் குறிக்கின்றார். வென்ற பொருளை நாயனார் தம் கையால் தீண்டார். அமுதாக்குவோரே அதனை எடுத்துக்கொள்வர். அடியார் அனைவரும் உண்டபின், கடைப்பந்தியிலேதான் அவர் உண்பார். பொருளும் தமதன்று, முதலிலையும் தமதன்று. அடுப்பும் உலையும் மாறவில்லை. ‘எனது’ என்னும் எண்ணமே அகன்றது. சமைத்தல் சிவத்தொண்டானது இவ்வாறே.

நம் தாய்மார்களும் நாள்தோறும் கடைசியிலேதான் உண்கின்றனர். அதனை எவர் தொண்டென்று எண்ணினோம்?

கார்த்திகை மூலம் நாயனாரின் குருபூசை. அன்று பந்தி விசாரிக்கும் அன்பர்கள், அடுக்களையில் நிற்போருக்குப் பானையில் அன்னம் இருக்கின்றதா என்று பார்த்த பின்னரே தம் இலைமுன் அமருமாறு வேண்டுகிறோம்.