ஒரு டாலர் வாடகை

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910-இல் தொடங்கப்பட்ட தனியார் அமைப்பு. ஆனாலும் அரசோடு அதற்கு இருந்த ஒட்டுறவு வேறு சங்கங்களுக்கு எளிதில் வாய்க்காதது. 1916-இல் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்றி அதற்குச் சாசனம் அளித்தது. நாட்டின் அதிபரே அதன் கௌரவத் தலைவராக இருப்பது வழக்கமாயிற்று. அரசுப் பள்ளிகளும் ராணுவத் தளங்களும் சாரணர் படைகளைப் பொறுப்பேற்று நடத்தின. நகராட்சிகள் நிலத்தையும் படகுத்துறையையும் இலவசமாகவோ பெயரளவு வாடகைக்கோ விட்டன.

இதே இயக்கம் சிலரை வாசலிலேயே நிறுத்தியது. சாரணர் உறுதிமொழியில் கடவுளுக்கு ஆற்ற வேண்டிய கடமை பற்றிய வரி உண்டு. கயிற்றில் முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் ஆசைப்பட்டு வந்த சிறுவன், அந்த வரியை மனமறிந்து சொல்ல முடியாது என்றால் அவனுக்கு இடமில்லை. தன்பாலீர்ப்பு கொண்டவர்களுக்கும் அப்போது அனுமதி இல்லை.

எட்டு வயதில் சேர்ந்து, ஈகிள் என்னும் மிக உயர்ந்த நிலையை எட்டி, நியூ ஜெர்சியில் உதவிச் சாரண ஆசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் டேல். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது நாளிதழ் ஒன்றில் வெளிவந்தபின், 1990-இல் அவர் நீக்கப்பட்டார். அத்தனை ஆண்டு உழைப்பு கணக்கில் வரவில்லை. அவர் தொடுத்த வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், நான்குக்கு எதிராக ஐந்து நீதிபதிகளின் முடிவாக, இயக்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கொள்கையைச் சொல்வதற்காகக் கூடும் சங்கம் தனக்கு ஒவ்வாதவரைச் சேர்க்காமல் இருக்கலாம், அது கருத்துச் சுதந்திரத்தின் பகுதி என்பது அதன் சாரம்.

அந்த வெற்றியே அடுத்த கேள்வியைக் கூர்மையாக்கியது. இது விரும்பியவரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் தனியார் சங்கம் என்றால், எல்லாரிடமும் வரி வாங்கும் அரசு அதற்கு ஏன் தனிச் சலுகை தர வேண்டும்? கேள்வி நியாயமானது. வெளியே நிறுத்தப்பட்ட சிறுவனின் பெற்றோரும் வரி கட்டுகிறவர்கள்தான்.

நீதிமன்றங்கள் ஒரே விடை சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம், பாகுபாடு காட்டும் அமைப்புக்கு இலவசமாகப் படகு நிறுத்த இடம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. 2006-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சான் டியகோவிலோ பால்போவா பூங்காவில் இயக்கத்துக்கு ஆண்டுக்கு ஒரு டாலருக்கு விடப்பட்டிருந்த நிலம் பற்றிய வழக்கு பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்தது. அந்நகரம் வேறு பல தொண்டு அமைப்புகளுக்கும் அப்படியே குத்தகை தருவதைக் கண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் சாரணர்களுக்குச் சாதகமாக முடித்தது.

பிலடெல்ஃபியா வழக்கு இன்னும் சிக்கலானது. நிலம் நகருடையது; அதன்மேல் 1920-களில் கட்டடம் எழுப்பியவர்கள் சாரணர்கள். கொள்கையைக் கைவிடுங்கள், இல்லையென்றால் ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வாடகை கொடுங்கள், அல்லது காலி செய்யுங்கள் என்றது நகர நிர்வாகம். சலுகையைக் காட்டி உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்வது அரசியலமைப்புக்கு முரண் என 2010-இல் ஜூரிகள் சாரணர்களின் பக்கம் நின்றனர். எல்லாருக்கும் ஒரே வாடகை என்று நகரம் முதலிலிருந்தே பொதுவிதி வைத்திருந்தால் அதன் வாதம் வலுப்பெற்றிருக்கும்.

மத்திய அரசின் போக்கும் இருவிதமாகவே இருந்தது. அரசு நிதி பெறும் பள்ளிகள், பள்ளி நேரத்துக்குப் பின் மற்ற வெளி அமைப்புகளுக்கு இடம் கொடுத்தால் சாரணர்களுக்கும் கொடுத்தாக வேண்டும் என்று 2002-இல் சட்டம் வந்தது. ராணுவத் தளங்கள் சாரணர் படைகளை நேரடியாகப் பொறுப்பேற்கக் கூடாது என 2004-இல் வழக்கு ஒன்றில் பாதுகாப்புத் துறை ஒப்புக்கொண்டது. ஆனால் வர்ஜீனியாவின் ஏ.பி.ஹில் ராணுவத் தளத்தில் 1981 முதல் நடந்துவந்த சாரணர்களின் தேசியப் பெருந்திரளணிக்கு ராணுவ உதவி 2010 வரை தொடர்ந்தது.

தன்பாலீர்ப்பு கொண்ட சிறுவர்களைச் சேர்க்க 2013-இல் இயக்கம் முடிவெடுத்தது. 2015-இல் பெரியவர்கள் மீதான தேசியத் தடையும் நீங்கியது. ஆனாலும் தேவாலயங்கள் நடத்தும் படைகள் தங்கள் நம்பிக்கைப்படி பொறுப்பாளர்களைத் தேர்ந்துகொள்ளலாம். 2019-இல் மூத்த பிரிவிலும் பெண்பிள்ளைகள் சேர்ந்தனர்; 2025-இல் பெயரிலிருந்து ‘பாய்’ என்ற சொல்லும் போயிற்று. கடவுளைப் பற்றிய வரி மட்டும் உறுதிமொழியில் அப்படியே இருக்கிறது.