பொதிகள் பிணங்கும்போது

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கப்பெற்ற வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டது. சங்க அலுவலகங்களிலுள்ள பழைய கணிப்பொறிகளைக் கழித்துவிடாது, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை அவற்றில் நிறுவலாகாதா என்று அங்கத்தினர் சிலர் நம்மை வினவியுள்ளனர். நிறுவலாம். ஆயினும் அவ்வேலையில் இறங்குவோரைத் தடுமாறச் செய்வது ஒன்றுண்டு. அதுவே பொதிப் பிணக்கு.

லினக்ஸ் வகைகளில் மூத்தவற்றுள் ஒன்றாகிய டெபியனை 1993இல் அயன் மர்டாக் தொடங்கினார். அதில் ஒவ்வொரு மென்பொருளும் 'பேக்கேஜ்' எனப்படும் பொதியாகக் கட்டப்பட்டுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருக்கும். தனக்கு இன்னின்ன பொதிகள் இன்ன பதிப்பில் வேண்டுமென்றும், இன்னதோடு சேர்ந்திருக்க இயலாதென்றும் ஒவ்வொரு பொதியிலும் குறித்திருக்கும். நூலின் நம்பருக்கேற்ற அச்சு அமையாவிடில் தறியில் பாவு சீராக ஓடாதென்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. இக்குறிப்புகளையெல்லாம் ஒத்துப்பார்த்துப் பொதிகளை வரவழைக்கும் காரியஸ்தன் 'ஏ.பி.டி.' என்னும் கருவி. 1999இல் வெளியான டெபியன் 2.1 முதல் அது உடன் வருகிறது.

ஒரே பதிப்பின் களஞ்சியத்தை மட்டும் கைக்கொண்டால் பிணக்கு அரிது. அவசரத்துக்கு வேறொரு பதிப்பின் களஞ்சியத்தையோ, உபுண்டுவுக்கென ஆக்கப்பட்டதையோ டெபியனில் சேர்ப்பதாலேயே பெரும்பாலும் தொல்லை விளைகிறது. சேர்த்ததை நீக்கி, பொதிப் பட்டியலைப் புதுப்பித்து, மீண்டும் முயல்வதே முதற்பரிகாரம்.

உபயோகிப்பவர் பிழையின்றியும் இது நேர்வதுண்டு. 2021இல் கனடாவைச் சேர்ந்த லினஸ் செபாஸ்டியன் என்னும் காணொலித் தயாரிப்பாளர் (லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் வேறு), 'பாப் ஓ.எஸ்.' என்ற லினக்ஸில் 'ஸ்டீம்' என்னும் விளையாட்டு மென்பொருளை நிறுவ முனைந்தார். களஞ்சியத்திலிருந்த துணைப்பொதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கருவியோ, ஸ்டீமை வைக்க வேண்டுமாயின் சாளரங்களும் படவுருக்களும் தோன்றும் திரையமைப்பு முழுவதையும் அகற்றலாமெனக் கணக்கிட்டது! அகற்றப்படுவனவற்றை வரிசையாகக் காட்டி, 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தைத் தட்டச்சு செய்தாலன்றிச் செய்யேன் என்றும் எச்சரித்தது. அவர் தட்டச்சு செய்தார். பின்னர்த் திரையில் எஞ்சியவை எழுத்துகளே.

அவரை நகைத்தோர் பலர். நமக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. நீண்ட பட்டியலின் நடுவே கிடக்கும் எச்சரிக்கையை எத்தனை பேர் ஊன்றிப் படிப்பர்? அதே ஆண்டு வந்த ஏ.பி.டி. 2.3.12, இன்றியமையாதன என்று குறிக்கப்பட்ட பொதிகளை அகற்றித் தீர்வு காண முயலாதவாறு திருத்தப்பட்டது.

அக்குறி இல்லாத பொதிகளுக்கு இக்காப்பு இல்லை. சங்கக் கணக்கெழுதும் லிப்ரே ஆபீஸ், தமிழ் எழுத்துருக்கள், அச்சுப்பொறிக்கு வேண்டியவை ஆகியன பிணக்கின்போது அகற்றப்படும் பட்டியலில் வரக்கூடும். ஆதலின் கருவி அனுமதி கேட்கும்போது, அகற்றப்படுவன எவையென முதலில் பார்க்க வேண்டும். எதையும் மாற்றாது ஒத்திகை பார்த்துக்கொள்ள 'சிமுலேட்' என்னும் விருப்பமும் உண்டு.

பேரேடுகளின் நகலைத் தனி வட்டில் எடுத்துக் கழற்றி வைத்த பின்னரே நிறுவத் தொடங்குக. ஒரு மாதக் கணக்கும் பங்குத்தொகைப் பதிவும் புதிய தளத்தில் சரிவர அச்சாகும் வரை, பழைய கணிப்பொறி ஒன்றை இணையத்தோடு சேர்க்காமல் அப்படியே வைத்திருப்பது உத்தமம்.