ஓர் ஏட்டில் இரு கைகள்

சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2022 ஏப்ரல் 4 அன்று. ஆனால் இரு பக்கமும் விளையும் கிளிமூக்கு மாம்பழத்துக்கு அந்த எல்லை தெரியாது. அதைக் கூழாக்கும் ஆலைகள் மிகுந்த சித்தூரில் ஒருவரும், திருப்பதியில் மற்றொருவரும் ஒரே கணக்கேட்டை ஒரே வேளையில் திருத்துகின்றனர் எனக் கொள்வோம். இப்படிப் பலர் இணையவழி ஒரே ஏட்டில் எழுத உதவும் கருவிகளை ஆக்கும் ஸோஹோ நிறுவனத்துக்குத் திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவிலேயே அலுவலகம் உண்டு. அதன் ரைட்டர் என்னும் எழுதுகருவி 2005இல் வெளிவந்தது.

எழுதியதைச் சுமந்து செல்லும் ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. இவ்விரு நகரங்களுக்கும் இடைத்தொலைவு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கணக்குப்படி மில்லிநொடியில் மூன்றில் ஒரு பங்கே போதும். ஆயினும் எழுத்து நேர்வழியில் செல்வதில்லை. எங்கோ உள்ள வழங்கிக் கணினியை அடைந்து, வரிசை பெற்று, அதன் பின்பே மறுமுனைக்கு வருகிறது. அதற்குள் மறுமுனையில் இருப்பவரும் எழுதிவிடுகிறார். இருவர்க்கும் பொதுவான 'இப்பொழுது' என்பது கிடையாது. தொலைவிலுள்ள கணினிகளுக்கு எது முந்தியது, எது பிந்தியது என்று அறுதியிடுவது எத்துணை அரிதென்பதைக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978இலேயே விளக்கினார்.

ஏட்டில் உள்ள வரி இது: 'சித்தூர் மாங்கூழ் 20 டன்'. சித்தூர்க்காரர் 20ஐ 25 ஆக்குகிறார். அதே கணத்தில் திருப்பதிக்காரர் 'சித்தூர்' என்பதை நீக்கித் 'திருப்பதி' என்று எழுதுகிறார். நம் கண்ணுக்குச் சித்தூர் நான்கெழுத்து. யூனிகோடு முறையிலோ சகரம் ஒரு குறி, அதன் மேலேறும் இகரக் கொக்கி மற்றொரு குறி, புள்ளியும் தனிக்குறி, ஆக எட்டு. திருப்பதிக்கு ஒன்பது. சித்தூரிலிருந்து புறப்படும் ஆணை, '20ஆம் இடத்தில் உள்ளதை 5 ஆக்கு' என்பது. அங்கே அவ்விடத்தில் இருந்தது சுழி. திருப்பதிக்காரர் கணினியில் உள்ள படியிலோ எல்லாம் ஓரிடம் தள்ளிப்போய், 20ஆம் இடத்தில் 2 நிற்கிறது. ஆணையை அப்படியே நிறைவேற்றினால் 25 டன் 50 டன் ஆகிவிடும்!

ஒருவர் எழுதும்போது பிறர்க்கு ஏட்டைப் பூட்டிவைப்பது பழைய தீர்வு. அது காவல், கூட்டுப்பணி அன்று. 1989இல் எல்லிஸ், கிப்ஸ் ஆகிய கணினி ஆய்வாளர் இருவர் வேறு வழி கண்டனர்: வந்த ஆணையை உடனே நிறைவேற்றாமல், இடையில் நேர்ந்த மாற்றத்துக்கேற்ப முதலில் திருத்திக்கொள்வது. 20 என்பது 21 ஆகும், சுழியே மாறும், இரு படிகளும் ஒன்றாகும். கூகுள் ஆவணங்கள் முதலியன இவ்வழியில் வந்தவை. 2011இல் மார்க் ஷப்பிரோ குழுவினர் முறைப்படுத்திய மற்றொரு நெறியில், பிறழக்கூடிய இட எண்ணையே நம்புவதில்லை. ஒவ்வொரு குறிக்கும் மாறாத தனி அடையாளம் உண்டு. நினைவகம் கூடுதலாகச் செலவானாலும், இணைப்பு அறுந்து மீளும் இடங்களுக்கு இதுவே ஏற்றது என்பேன்.

எனினும் இக்கணிதம் உறுதியளிப்பது ஒன்றே: படிகள் ஒத்திருக்கும். பொருள் சரியாக இருக்கும் என்று அது சொல்வதில்லை. சித்தூர்க்காரர் சுழியை 5 ஆக்கி 25 என்று எழுத, திருப்பதிக்காரர் அதே கணத்தில் 2ஐ 3 ஆக்கி 30 என்று எழுதினால், இரு திரைகளிலும் பிழையற ஒத்து நிற்பது 35; இருவரும் எழுதாத எண். அதனால்தான் இக்கருவிகள் மற்றவரின் எழுதுமுனையைப் பெயரோடும் நிறத்தோடும் காட்டுகின்றன. உரையாடற் கட்டத்தைப் பக்கத்திலேயே வைக்கின்றன. யார் எப்போது எதை மாற்றினார் என்னும் வரலாற்றையும் சேமிக்கின்றன.