பண்ருட்டியிலிருந்து ஒரு பகல்: செஞ்சிக்கோட்டை



விடுமுறையில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறதா? பண்ருட்டியில் விடியற்காலையில் பஸ் ஏறுங்கள். விழுப்புரத்தில் இறங்கி செஞ்சி பஸ் பிடித்தால், வெயில் ஏறுவதற்குள் கோட்டை வாசலில் நிற்கலாம்.

யாரோ அடுக்கி வைத்தது போலப் பாறை மேல் பாறையாக எழும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் வளைத்துப் பிணைக்கிறது மதில். 1677-இல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றிய கோட்டை இது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கியது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

முதலில் ராஜகிரியில் ஏறுங்கள். உச்சியை நெருங்கும்போது மலையே பிளந்து நிற்கும். அந்தப் பிளவின் மேல் ஒரு சிறு பாலம். அதை எடுத்துவிட்டால் எதிரிக்கு வழி கிடையாது. கோட்டையின் காவல் ரகசியம் அங்கே புரியும். இறங்கிய பின் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் நிதானமாகப் பாருங்கள்.

நம் கடலூருக்கும் செஞ்சிக்கும் உறவு உண்டு. கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் விலைக்கு வாங்கியது, செஞ்சியை ஆண்ட மராட்டியரிடம்தான். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை நிலமும் ஆங்கிலேயருக்குச் சொந்தமானது.

ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், தொப்பி, வழுக்காத செருப்பு அவசியம். தின்பண்டத்தைக் கையில் பிடிக்காதீர்கள், குரங்குகள் அதிகம். சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். அது நம் பிள்ளைகளின் சொத்து.