நான்கெழுத்தில் ஒரு பெயர்

நேரில் வருபவரை முகம் பார்த்து அறிகிறோம். கடிதம் வந்தால் கையெழுத்தைக் கொண்டு அறிகிறோம். காற்றில் மிதந்து வரும் குரல் யாருடையது என்பதை எவ்வாறு அறிவது? இக்கேள்விக்கு விடையாகப் பிறந்தவையே வானொலி, தொலைக்காட்சி நிலையங்களின் அழைப்புக் குறிகள். மூன்று அல்லது நான்கு ஆங்கில எழுத்துகளே அங்கு ஒரு நிலையத்தின் பெயராகிவிடும்.

இவ்வழக்கம் முதலில் கடலிலே வளர்ந்தது. கம்பியில்லாத் தந்தி பொருத்திய கப்பல்கள் தம்மை அடையாளம் காட்டச் சில எழுத்துகளைப் பயன்படுத்தின. 'டைட்டானிக்' கப்பலின் குறி எம்.ஜி.ஒய். என்பதாகும். முதலெழுத்தாகிய 'எம்', மார்க்கோனி கம்பெனியைக் குறித்தது. 1912 ஏப்ரல் 14ஆம் நாள் நள்ளிரவை நெருங்கும் வேளையில் அக்கப்பல் பனிப்பாறையில் மோதியது. தந்தியாளர்கள் ஆபத்துக் குறியோடு தம் கப்பலின் குறியையும் அது இருந்த இடத்தையும் திரும்பத் திரும்ப அனுப்பினர். அதைக் கேட்ட 'கார்பேத்தியா' கப்பல் விரைந்து வந்து 700க்கும் மேற்பட்டோரை மீட்டது. அழைப்பவர் யார், இருப்பது எங்கே என்ற இரண்டும் தெரிந்திருந்தமையால் அன்றோ உதவி வந்தது!

பின்னர் ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய எழுத்துகள் பன்னாட்டு உடன்பாட்டினால் பங்கிடப்பட்டன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஒலிபரப்பு நிலையங்களுக்கு வாய்த்தவை 'டபிள்யூ', 'கே' என்னும் எழுத்துகள். 1923 முதல் மிசிசிப்பி ஆறே இவற்றின் எல்லையாயிற்று. ஆற்றுக்குக் கிழக்கே 'டபிள்யூ', மேற்கே 'கே'. அதற்கு முன் பெயர் பெற்ற சில நிலையங்களுக்கு விலக்கு உண்டு. கிழக்கே உள்ள பிட்ஸ்பர்க் நகரத்துக் கே.டி.கே.ஏ. அத்தகையது. 1920 நவம்பர் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பிப் புகழ் பெற்ற நிலையம் அது.

பொருளற்ற எழுத்துகள் மனத்தில் தங்குவது கடினம். ஆகவே நிலையத்தார் அவற்றுக்குப் பொருள் கற்பிக்க முற்பட்டனர். சிகாகோ நகரில் ஒரு பெரிய வாணிப நிறுவனம் 1924ல் தொடங்கிய நிலையம் டபிள்யூ.எல்.எஸ். 'வேர்ல்ட்ஸ் லார்ஜஸ்ட் ஸ்டோர்', அதாவது 'உலகின் மிகப் பெரிய கடை' என்பது அதன் விரிவு. அந்நிறுவனம் 1928ல் நிலையத்தை விற்றுவிட்டது. ஆயினும் எழுத்துகள் மாறவில்லை. நாஷ்வில் நகரில் ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி 1925ல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.எம்., 'வி ஷீல்ட் மில்லியன்ஸ்' என்று தன் தொழிலையே பெயரில் அடக்கிக்கொண்டது. பாஸ்டன் நகரத்து டபிள்யூ.ஜி.பி.எச்., 'கிரேட் புளூ ஹில்' என்ற குன்றின் பெயரைத் தாங்கியது. வட கரோலினாவில் 12ஆம் அலைவரிசைத் தொலைக்காட்சி நிலையத்தின் பெயர் டபிள்யூ.எக்ஸ்.ஐ.ஐ. முதலெழுத்தை நீக்கிப் பாருங்கள். வகுப்பில் படித்த ரோமன் எண் 12 நம் கண்முன் நிற்கும்!

இவ்வெழுத்துகளை மக்கள் மறவாதிருப்பது நிலையத்தாருக்கு வாழ்வுப் பிரச்சினையாகவும் இருந்தது. ஒரு வார காலம் தாம் கேட்ட நிலையங்களை ஒரு சிற்றேட்டில் குறித்துத் தருமாறு சில வீட்டாரை ஆய்வு நிறுவனங்கள் வேண்டும். அதில் எழுதப்படும் பெயர்களைக் கொண்டே நிலையங்களின் விளம்பர வருமானம் அமையும். பெயர் நினைவுக்கு வராவிடில் நேயர் கேட்டும் பயனில்லை. ஆதலால் பாட்டாகவும் மணியோசையோடும் தம் பெயரைச் சொல்லிச் சொல்லி மனத்தில் பதித்தனர். மணிக்கு ஒரு முறை குறியையும் ஊரையும் அறிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டமும் ஆகும்.

நமக்கு நெருங்கிய பெயர்களும் உண்டு. 1931 பிப்ரவரி 12ஆம் நாள் திருத்தந்தை பதினோராம் பயஸ் தொடங்கி வைத்த வத்திக்கான் வானொலியின் குறி எச்.வி.ஜே. அதை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனியே. 1938ல் தொடங்கிய சென்னை வானொலி நிலையத்துக்கு வி.யூ.எம். என்றும், 1939ல் தொடங்கிய திருச்சி நிலையத்துக்கு வி.யூ.டி. என்றும் குறிகள் இருந்தன. 'வி.யூ.' இந்தியாவைச் சுட்ட, இறுதி எழுத்து ஊரைச் சுட்டியது.

இன்றும் நம் நாட்டு அமெச்சூர் வானொலியாளர்களின் குறிகள் 'வி.யூ.' என்றே தொடங்குகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, வானொலிப் பணிக்காகப் போர்ட் பிளேரில் இருந்தார் திருமதி பாரதி பிரசாத். வி.யூ.4ஆர்.பி.ஐ. என்பது அங்கே அவருடைய குறி. தொலைபேசிகள் செயலிழந்த அவ்வேளையில், அவருடைய வானொலி வழியே செய்திகள் தாயகத்தை எட்டின. பெண்ணினம் பெருமை கொள்ளத்தக்க பணி அது.

பெயரைச் சொல்லிவிட்டுப் பேசுபவர், தம் சொல்லுக்குப் பொறுப்பேற்கிறார். எழுதியவர் யாரென்றே தெரியாத செய்திகள் கைப்பேசிகளில் குவியும் காலம் இது. அவற்றை நம்புவதற்கு முன்னும், பிறருக்கு அனுப்புவதற்கு முன்னும், 'சொல்வது யார்? எங்கிருந்து?' என்று கேட்கப் பழகுவோம். நாம் சொல்லும் சொல்லையும் நம் பெயரைத் துணிந்து சேர்க்கத் தக்கதாகச் சொல்வோம்.